ஒரு துளி இரத்தமும் ஒரு கடி பனங்கட்டியும்

கரம்பொன்னில் முப்பத்திரண்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு ஒரு துளி இரத்தம் எடுக்கத் தெரியாதா? அதை ஊருக்கே காட்டுவது என்ற தீர்மானத்தோடுதான் அன்று எழும்பினேன்.

விஷயம் இதுதான். வீட்டிலேயே இரத்தத்தில் சீனி பார்க்கும் சின்னக் கருவி ஒன்றைச் சாதாரண ஆட்கள் தாங்களாகவே பாவிக்கிறார்களா என்று அறிய, நிலாந்தினி என்ற பிள்ளை வீடு வீடாக வந்துகொண்டிருந்தாள். கதிரையில் இருந்து பார்த்து எழுதுவாள். உதவி மட்டும் செய்யமாட்டாள்.

எனக்கோ அதைவிடப் பெரிய காரியம் இருந்தது. மூன்று மாதமாக என் பனங்கட்டி அலுமாரிக்குள் சிறை. திறப்பு என் மனைவி கமலாதேவியின் இடுப்பில். பனங்கட்டி கடிக்காமல் தேத்தண்ணி குடித்துக் குடித்து நாக்குச் செத்துவிட்டது. சீனி நூற்றிமுப்பதுக்குக் கீழே வந்தால் திறப்பைத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு கிழமை நான் நல்ல பிள்ளை. நடந்தேன். குரக்கன் பிட்டுத் தின்றேன். வெற்றி நிச்சயம் என்ற தைரியத்தில் சந்திக் கடையில் ஓலையில் பொதிந்த ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கிச் சாரத்து மடிப்பில் ஒளித்தும் விட்டேன். நிலாந்தினி கருவியின் பெட்டியைப் பிரிக்கும் நேரம் பார்த்துக் கிணற்றடியில் ஒரு கடி. தின்றது இரத்தத்தில் சேர நேரம் எடுக்கும். அதுதான் விஞ்ஞானம்.

பெட்டிக்குள் இருந்த கடுதாசியைக் கமலாதேவி நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, இதை ஒருக்கா வாசியுங்கோ."

"எனக்கெதுக்கு? நீர் வாசியும்."

வாசித்தாள். ஆறுதலாக, கடைசி வரி வரைக்கும்.

விரலைக் குத்தித் துளியை வைத்தேன். கருவி முந்நூற்றி எண்பத்தாறு என்றது.

நிலாந்தினியின் பேனை நின்றுவிட்டது. என்னத்துக்குப் பொய், பயந்துபோனேன். அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, நான் இல்லாத வீட்டில் கமலாதேவி தனியாகத் தேத்தண்ணி குடிப்பது எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. மகனுக்குப் போன் எடுக்கச் சொன்னேன்.

"போன் பிறகு. முதல்ல சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

கழுவினேன். வேறு விரல். நூற்றிப் பதினெட்டு.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும்.

"பாத்தீரே? என்ர ரத்தத்தில பிழையில்லை. கையிலதான் பிழை. திறப்பைத் தாரும்."

"ஓம், தரத்தான் வேணும். கையில என்ன இருந்தது?"

நிலாந்தினியைப் பார்த்தேன். அவள்தான் உதவக் கூடாதே, குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் சீனி ஏறிய வருத்தக்காரனா, களவாகத் தின்ற கள்ளனா? இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குட்டானை எடுத்துக் கமலாதேவியின் கையில் வைத்தேன். அவள் ஒரு சின்னத் துண்டை உடைத்து என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தத் துண்டுக்காக அவளை இன்னொருமுறை கலியாணம் கட்டலாம். மிச்சம் அலுமாரிக்குப் போனது.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன்.

"இனிப்புப் பட்ட விரலெண்டால் எண் கூடக் காட்டுமாம், கடுதாசியில கிடக்கு. நீங்கள் வாசிச்சிருந்தால் நான் உங்களைப் பிடிச்சிருக்க ஏலாது, மாஸ்ரர்."