ஆக்சிஜன் தின்ற கடலை மிட்டாய்

என் வேலையைத் தட்டிப் பறித்தவன் பஷீர். இதை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. மாமல்லபுரம் பக்கம் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியர் வேலை, ஒரே இடம். நானும் என்னோடு எம்.எஸ்சி. படித்த பஷீரும் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு ரூபிஸ்கோ. இலைக்குள் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையோடு சேர்க்கிற நொதி. ஆக்சிஜனும் அதே இடத்துக்கு முண்டும். நொதி எப்படி ஆளைப் பிரித்தறிகிறது?

"நாடகமா போட்டுடு மச்சான்," என்றான் பஷீர், முந்தின நாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே. "பசங்களுக்கு முட்டாய் குடு. வேலை உனுக்குதான்."

(நான் பாடத்தையும் படித்திருக்கலாம். பஷீரே சொன்ன பிறகு பாடம் எதற்கு?)

ஒரு பையனை நொதியாக நிறுத்தினேன். கையில் தட்டு நிறைய கடலை மிட்டாய், அதுதான் சர்க்கரை. காற்றில் கார்பன் டை ஆக்சைடை விட ஆக்சிஜன்தானே அதிகம்? அதனால் ஒரு சிறுமி மட்டும் கார்பன் டை ஆக்சைடு, மீதி வகுப்பு முழுக்க ஆக்சிஜன். நொதிக்குக் கண் ஏது என்று பையனின் கண்ணையும் கட்டினேன். (என் மூளைக்கு மாலை போட வேண்டும்.)

"ம், போங்க," என்றேன்.

நொதி பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. தட்டு காலி.

"நான் வர்றதுக்குள்ள ஆக்சிஜனே எல்லாத்தையும் துன்னுட்சி சார்," என்று அந்தச் சிறுமி அழுதாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை கேட்டார்: "அப்ப நொதி எப்படி சார் கண்டுபிடிக்குது?"

"முகத்தைப் பாத்து, மேடம்."

"கண்ணைக் கட்டி வெச்சிருக்கீங்களே."

அடுத்து பஷீர். மிட்டாய் இல்லை, நாடகம் இல்லை. சாக்பீசை எடுத்தான்.

"நொதி வாயுவப் புடிச்சி வெக்கிறதில்ல. முதல்ல சர்க்கரையப் புடிச்சிக்கும். வாயு வந்து நேரா சர்க்கரையில ஒட்டும். பாதி ஒட்டிகினு இருக்கும்போது ஒரு வடிவம் வருதில்ல, அது கார்பன் டை ஆக்சைடோடதா இருந்தா நொதிக்குள்ள நல்லா பொருந்தும், இறுக்கிக்கும். ஆக்சிஜன்னா அவ்ளோ பொருந்தாது. ஆனாலும் அப்பப்ப ஏமாந்துடும்."

தலைமையாசிரியை தலையாட்டினார். வேலை முடிவாகிவிட்டது, அவனுக்கு.

நான் கருங்குழியில் டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் ஸ்வீட் பாக்ஸ் பிரித்தால் என் மகள், "அம்மா, ஆக்சிஜன் வருது, மூடு," என்கிறாள்.

பஷீர், அடுத்த மாதம் பழைய மாணவர் கூட்டம். எல்லோர் முன்னாலும் மைக்கைப் பிடித்துச் சொல். டீ குடித்தபோதே இதெல்லாம் உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தை போதும்.