சமையல்கட்டுப் பைலட்டு

ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கத்தரிக்காய் வெட்டி, பத்து விரலையும் பத்திரமாக வைத்திருக்கும் மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் காரைக்குடிக் கல்யாணச் சமையல்காரர். அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் பைலட்டு.

நான் அவர் ஆட்களில் ஒருத்தி. இருபது வருடமாக வெங்காயம் உரிக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மலர் எழுதுகிறாள். அவளைப் பற்றி வரும் இடத்தில் கொஞ்சம் மினுக்கி எழுதுவாள், கண்டுகொள்ளாதீர்கள்.

பைலட்டு ஒரே ஒரு தடவை, பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க விமானத்தில் போய் வந்தார். மேகத்தை மேலேயிருந்து பார்த்தாராம். அதோடு ஆளே மாறிப்போனார். "நான் நரைச்சபெறகு பாத்தேன். புள்ளைக சின்ன வயசுல பாத்துச்சுகன்னா சும்மா இருக்குமா?" என்று அடுப்படியில் ஓயாமல் பேசுவார். அன்றிலிருந்து, பேசிய கூலிக்கு மேல் கல்யாண வீட்டில் கொடுக்கும் வேட்டி துண்டு எதையும் தொடுவதில்லை.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். வருடம் பூராவும் பூட்டிக் கிடக்கும் வீடு, அன்றைக்குக் கார் நிறுத்த இடமில்லை. வீட்டுக்கார ஆச்சி வேட்டி துண்டு வைத்த தாம்பாளத்தை நீட்டினார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"இது வேணாம் ஆச்சி. ஒரு ஏழைப் புள்ளைக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டு எடுத்துக் குடுங்க."

"சமைக்க வந்தீகளா, ஏரோப்ளேனுக்கு ஆள் புடிக்க வந்தீகளா?"

"ரெண்டுக்குந்தான் ஆச்சி."

ஆச்சி சிரித்துவிட்டு இரண்டு பிள்ளைகளுக்குச் சம்மதித்தார்கள். இப்படி வீடு வீடாகக் கேட்டு, அரசுப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் ஆறு பேரை மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டார். துணைக்கு ஒரு பொம்பளை வேண்டுமென்று நானும். மலரும் அந்த ஆறில் ஒருத்தி.

மலருக்கு விமானம் ஓட்ட ஆசை. பத்தாவது முடித்திருந்தாள், பயணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை பதினொன்றில் சேரவேண்டும். என் மகனோ அவளை வணிகவியலில் சேர்த்து வங்கி வேலைக்கு அனுப்புவதாக முடிவே கட்டிவிட்டான்.

"போன்ல பாத்தேன்ப்பா. கணக்கும் பிசிக்ஸும் படிக்கணுமாம்."

"போனு ஆயிரம் சொல்லும். நம்ம ஊருல பைலட்டுன்னா கத்தரிக்கா வெட்டுறவருதான். நெசப் பைலட்டு வாயால சொல்லச் சொல்லு, மாத்திச் சேக்குறேன்."

கேலியாகத்தான் சொன்னான். நம் பைலட்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, ஒனக்கு நெசப் பைலட்டக் காட்டுறது என் பொறுப்பு."

விமானத்தில் போவதற்கு ஒத்திகை, ஆச்சியிடம் சாவி வாங்கி அதே கண்டனூர் வீட்டில், பந்தி போடும் கூடத்தில் நடந்தது. பந்திப்பாய் விரித்து வரிசையாக உட்காரவைத்தார். இடுப்பில் துண்டைக் கட்டி பெல்ட்டு என்றார். அப்பளக் கூடையைத் தலைக்கு மேலே தூக்கி, "பொட்டிய இங்குட்டு வைக்கணும்" என்றார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் போட்டார்.

"பந்தியில பக்கத்து எலைக்காரக சாப்பிட்டு முடிக்காம நாம எந்திரிப்பமா? ப்ளேன்லயும் அதே மொறதான். ஓட்டுறவுக எந்திரிச்சபெறகுதான் நாம எந்திரிக்கணும்."

"இத யாரு தம்பி சொன்னா?" என்றேன்.

"ப்ளேன்ல போனவன் நானா, நீங்களாக்கா?"

நான் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. விமானம் எழும்பியது. பிள்ளைகள் மேகத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். பைலட்டு ஜன்னல் பக்கமே திரும்பவில்லை, பணிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, ஓட்டுறவுகள ஒரு நிமிசம் வரச் சொல்லு."

"பறக்கும்போது அந்தக் கதவு பக்கம் யாரும் போகக் கூடாதுங்க ஐயா."

"நாங்க போகல. அவுக வரட்டுமே."

"அப்ப யாருங்க ஓட்டுறது?"

மலரின் முகம் சுருங்கிப்போனது. "விடுங்க மாமா" என்றாள்.

சென்னையில் விமானம் நின்றதுதான் தாமதம், அத்தனை பேரும் முண்டியடித்து எழுந்தார்கள். நாங்கள் எட்டுப் பேர் மட்டும் பெல்ட்டோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆடாமல் உட்கார்ந்திருந்தோம். விமானம் காலியாகிவிட்டது. கூட்டிப் பெருக்குகிறவர்கள் ஏறி வந்துவிட்டார்கள்.

"நீங்க எறங்கலையாங்க?" என்றாள் பணிப்பெண்.

"ஓட்டுனவுக இன்னும் எந்திரிக்கலையே தாயி. அவுகளுக்கு முந்தி நாங்க எந்திரிச்சா மரியாதையாவா இருக்கும்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் முன்கதவைத் தட்டினாள்.

வெளியே வந்தது ஒரு இளம்பெண்! தோளில் தங்கப் பட்டை, பின்னால் அள்ளி முடிந்த கொண்டை. "எனக்காகவா உக்காந்திருக்கீங்க? இதுவரைக்கும் யாரும் இப்படிக் காத்திருந்ததில்லையே!" என்றாள்.

நம் பைலட்டு மலர் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "கேளு பாப்பா!"

"அக்கா… ப்ளேன் ஓட்ட என்ன குரூப்பு எடுக்கணும்?"

"கணக்கு, பிசிக்ஸ். ரெண்டும் கட்டாயம் வேணும்."

"இத எங்கப்பாட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா?"

போன் போட்டுக் கொடுத்தோம். அந்தப் பெண் நிதானமாகச் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் என் மகன்.

"ஆத்தா… பைலட்டு பொம்பளப் புள்ளயா?"

"ஆமாடா. நம்ம மலர விட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும்போல."

"சரி, மாத்திச் சேத்துருவோம்" என்றான்.

திங்கட்கிழமை மலர் கணக்குக் குரூப்பில் சேர்ந்தாள். மறுநாள் மானகிரியில் ஒரு காதுகுத்துச் சமையல். பைலட்டிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சரி சரி, வெங்காயத்தப் பொடிசா நறுக்குங்கக்கா" என்று முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே சாம்பாரைக் கிண்டினார்.

அன்றைக்கு அவர் வைத்த சாம்பாரில் உப்பே இல்லை. பந்தி முழுக்க முகத்தைச் சுளித்தது. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.