ஓரத்தில் நின்றவர்

ஆல்பம் மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் திரை இருண்டு ஒரு பெட்டி வந்து நின்றது: ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?’

கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தங்கபாண்டிக்கு எரிச்சல் தாங்கவில்லை. காமயகவுண்டன்பட்டி கல்யாண ஆல்பத்தைச் சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். செட்டிங்ஸுக்குள் போய், அந்தக் கேள்வியே வராதபடி பாதுகாப்பை அடியோடு அணைத்தார்.

பெட்டி வரவில்லை. ஆனால் மேடைப் படத்தில் ஓரமாக நின்ற பெரியவரைக் காணோம். அவர் இருந்த இடத்தில் வாழைமரம் தெரிந்தது.

அவரைத் தங்கபாண்டிக்கு நன்றாக நினைவிருந்தது. “கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்கய்யா” என்றதும் சிரித்துக்கொண்டே நகர்ந்த மனிதர்.

“இம்புட்டு நாளும் கேட்டுட்டு வந்தது, இப்பக் கேக்காம வந்திருச்சு” என்றாள் மனைவி பிரின்சி. “அந்தப் பாதுகாப்பத் திரும்பப் போட்டு விடுங்க.”

போட்டார். வரவேற்புப் படத்திலிருந்தும் பெரியவர் போய்விட்டார்.

இணைய வயரைப் பிடுங்கினார். தாலி கட்டும் படம் திரையில் இருந்தது. யாரும் தொடாத மவுஸின் அம்பு மெல்ல ஊர்ந்து பெரியவரின் தோளில் நின்றது. தோள் கரைந்தது. பிறகு கழுத்து. கடைசியாகச் சிரிப்பு.

பிரின்சி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, விட்டுருங்க.”

“எப்படி விடுறது? கல்யாண வீட்டுப் பங்காளியப் படத்துல காணோம்னா அந்த ஊருக்குள்ள நான் கால் வைக்க முடியுமா?”

கணினியை அணைத்துவிட்டு, கேமரா கார்டை நேரே பிரிண்டரில் செருகினார். பெரியவர் முழுசாக வந்தார். விட்டால் மறுபடி போய்விடுவாரோ என்று, மை காயுமுன்பே கண்ணாடிச் சட்டம் போட்டு இறுக்கினார்.

சாயங்காலம் பெண்ணின் அப்பா வேல்பாண்டி வந்தார்.

“ஆல்பத்துல ஒருத்தர மட்டும் கம்ப்யூட்டரு தின்னுருச்சுண்ணே” என்று தங்கபாண்டி முந்திக்கொண்டார். “அதான் தனியாப் பெருசாப் போட்டு வச்சிருக்கேன். காசு வேணாம்.”

வேல்பாண்டி படத்தை வாங்கிப் பார்த்தார். ஸ்டூலைத் தேடி மெதுவாக உட்கார்ந்தார். துண்டு நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

“இது எங்க அண்ணன். போன வருசம் ஆடியில தவறிட்டாக. கல்யாணத்துக்கு வந்திருக்காகன்னு தெரிஞ்சிருந்தா ஒரு எலை போட்டிருப்போமே, தம்பி.”