பட்டை சாமியின் முன்பல்

ஸ்ரீரங்கத்தில் நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு, 'பட்டை சாமி' என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். விபூதிப் பட்டைக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. டூத் பேஸ்ட் டியூபின் அடியில் சின்னதாக ஒரு கலர்ப் பட்டை இருக்குமே, அதனால் வந்த பெயர்.

சித்திரை வீதியில் என் மளிகைக் கடைக்குத் தினமும் வருவார். எதுவும் வாங்க மாட்டார். டியூப்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பார்.

"சிவப்புன்னா பாதி விஷம். கறுப்புன்னா முழு விஷம். எடுத்து உள்ள வையும்!"

"வாங்க வந்தவங்க ஓடுறாங்க சாமி."

"ஓடட்டும். உயிரோட ஓடறாளோல்லியோ?"

ஒருநாள் உறையூர் அம்மா ஒருவர், "பச்சைப் பட்டைன்னா வாங்கலாங்களா?" என்று பணிவாகக் கேட்டார்.

"அதுல எலும்புத்தூள் கலக்கறான்."

அந்த அம்மா நிறுத்து வைத்த துவரம்பருப்பையும் விட்டுவிட்டுப் போனார்.

சாமி பல் தேய்ப்பது அடுப்புக்கரியும் கல் உப்பும் வைத்துத்தான். சத்தத்தைக் கேட்டால் பித்தளைக் குடம் துலக்குகிறார்கள் என்றுதான் தோன்றும்.

ஒரு காலையில் டியூபைத் தொடாமல், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஈறு இறங்கி, முன்பல் ஆடிக்கொண்டிருந்தது.

"கோயில் கோஷ்டியில எல்லாரோடயும் நின்னு பாசுரம் சொல்லிச் சேவிக்கணும்ப்பா. இது விழுந்தா எழுத்து வராது, காத்துதான் வரும். பெருமாளுக்குக் காத்தையா சேவிக்கறது?"

அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். கடையைச் சாத்திவிட்டு, புத்தூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

அங்கேயும் மேஜை மேலிருந்த டியூபைக் கவிழ்த்துப் பார்த்து, "கறுப்பு!" என்று எழுந்துவிட்டார்.

"உக்காருங்க ஐயா. டியூபை எங்க வெட்டி ஒட்டணும்னு மெஷின் பாக்குற அடையாளம் அது. உள்ள இருக்கிற பேஸ்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

சாமி டியூபை இன்னொரு தடவை கவிழ்த்துப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷமா, அடியேன் மெஷினுக்குப் போட்ட லெட்டரையா பிரிச்சுப் படிச்சிண்டிருந்தேன்?"

டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்: "பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டிப் பாக்குறேன். நிக்கிறது உங்க கையிலதான் இருக்கு. கரியை விடணும். மெத்துன்னு ஒரு பிரஷ், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், ரெண்டு வேளை. முழுங்காம துப்பிடுங்க."

"எலும்பு?"

"பெட்டியில பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. இருந்தா சைவம்."

"சைவமா!" என்று நெற்றித் திருமண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மாவால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் என் கடையில் முதன்முதலாக ஒரு பொருள் வாங்கினார். பெட்டியை ஆறு பக்கமும் திருப்பிப் புள்ளியைத் தேடி, என்னையும் தேடச் சொல்லி, வந்தவர்களிடமும் காட்டிக் கேட்டு, அரைமணி நேரம் வியாபாரத்தைக் கெடுத்த பிறகுதான் வாங்கினார்.

பல் நின்றுவிட்டது.

புறப்பாட்டில் கோஷ்டி முன்னால் வரும், பெருமாள் பின்னால் எழுந்தருளுவார். கடை வாசலில் நிற்கிறபோது, கோஷ்டியில் அந்தக் குரல் எழுத்துப் பிசகாமல் காதில் விழுந்ததுமே என் கை குவிந்துவிடுகிறது. பெருமாள் அப்போது தெருமுனையில்கூட இல்லை. அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.