கறுப்புத் திரைக்குச் சொன்ன பதில்

ஆங்கிலம் தெரியாததால் எனக்கு வந்த மானக்கேடில்லை இது. கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததால் வந்தது.

கல்யாணத்துக்கு முன் கல்முனையில் ஆறு மாதம் ஸ்போக்கன் இங்கிலிஷ் படித்தேன். ‘இன்’, ‘ஒன்’, ‘அட்’ மூன்றையும் மாற்றிப் போடுகிறவனை வெள்ளைக்காரன் மனிதனாகவே மதிக்கமாட்டான் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். (அவர் ஒரு வெள்ளைக்காரனோடும் கதைத்ததை நான் கண்டதில்லை.) அன்றிலிருந்து முழு வசனத்தையும் மனதுக்குள் அடுக்கிச் சரிபார்க்காமல் நான் வாயைத் திறந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் மருதமுனைக்குப் போனேன், வேலையில்லாமல். மூன்று மாதமாக மாமி மீனின் நடுத்துண்டை என் பீங்கானில்தான் வைத்தார். வேலை என்னாச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கொழும்புக் கம்பனியொன்று வீடியோ கோலில் நேர்முகத்துக்கு அழைத்ததும், எப்பாடு பட்டாவது அந்த வேலையை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அன்று காலை மாமா தன் நான்கு தறிகளையும் நிறுத்தினார். போதாதென்று பக்கத்து வீட்டுக்கும் போனார். “மருமகன் இங்கிலீசுல கதைக்கப் போறாரு. ஒரு மணித்தியாலம் தறியடிக்காதீங்க.” வீட்டு வாசலில் போகும் ஒழுங்கையே மூச்சடங்கிப் போனது.

திரையில் ஓர் அம்மணியும் ஓர் ஐயாவும் புன்னகைத்தார்கள். என் பதற்றம் தணியட்டும் என்று அம்மணி இலேசான கேள்வியாகக் கேட்டார்: எங்கே வசிக்கிறீர்கள்?

ஊருக்கு ‘இன்’. வீதிக்கு ‘ஒன்’. வீட்டுக்கு ‘அட்’. அதுவரை சரி. ஆனால் யாருடைய வீடு? மனைவியின் வீடு என்றால் கம்பனி என்ன நினைக்கும்? ‘மை ஹவுஸ்’ என்றால், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மாமாவுக்கு அந்த இரண்டு சொல்லும் விளங்கும். கல் கல்லாக இந்த வீட்டைக் கட்டியவர் அவர். சரி, ‘எங்கள் வீடு’ என்போம். அப்படியென்றால் ‘அட்’டா, ‘இன்’னா? கமரா முன்னால் தலையை ஆட்டக்கூடாது என்பதும் மாஸ்டரின் கட்டளை. ஆகவே பாஸ்போர்ட் படத்துக்கு இருப்பதுபோல் அசையாமல் இருந்து யோசித்தேன். முகத்தில் புன்னகை வேறு.

“ஹலோ, கேன் யூ ஹியர் அஸ்?” என்றார் அம்மணி.

‘யெஸ்’ என்றிருக்கலாம். ஆனால் வசனம் முக்கால்வாசி தயாராகியிருந்தது. நடுவில் அதைக் குழப்ப மனம் வரவில்லை. ஒரு தறியாவது ஓடியிருந்தால், அந்தச் சத்தத்திலாவது லைன் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

“பாவம், அவருடைய பக்கம் லைன் நின்றுவிட்டது” என்று அம்மணி ஐயாவிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. அடுத்த நொடி திரை கறுத்தது.

அப்போதுதான் வசனம் தயாரானது. அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை வீணாக்க மனமில்லாமல், கறுப்புத் திரையைப் பார்த்து உரத்த குரலில், பிழையில்லாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

கதவு திறந்தது. மாமி இனிப்புக்கு வட்டிலப்பத்தோடு வந்தார். “மாஷா அல்லாஹ்! என்னா கதை கதைச்சீங்க மகன்! ஒரு இடத்திலயும் தடுக்கல்லியே!”

மனைவி ஷிபானா மட்டும் திரையைப் பார்த்தாள். “கோல் எப்ப கட்டாகின?” என்று காதுக்குள் கேட்டாள்.

“முதலே போயிட்டு.”

“அப்ப ஆருக்குச் சொன்னீங்க?”

சிரிப்பை அடக்க ஷோல் நுனியைக் கடித்துக்கொண்டாள். மாமாவிடம் நடந்ததை மறைக்க என்னால் முடியவில்லை. வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவனுகளுக்கு அவசரம் மகன்” என்றார் மாமா. “நல்ல மனிசன் யோசிச்சித்தான் கதைப்பான். நீங்க சாப்பிடுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடந்ததை விளக்கிக் கம்பனிக்கு ஓர் ஈமெயில் எழுதினேன். பிழையில்லாமல் எழுதி முடிக்க மூன்று நாள் சென்றது. அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இப்போது அக்கரைப்பற்றில் ஒரு கந்தோரில் வேலை. வாயில் வந்த ‘இன்’னையும் ‘ஒன்’னையும் போட்டு நாள் முழுக்க ஆங்கிலத்தில் கதைக்கிறேன். ஒருவரும் கோலைக் கட் பண்ணியதில்லை.

வீட்டில்தான் கரைச்சல். ஷிபானாவோடு கோபித்துக்கொண்டு நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தால், அவள் முன்னால் வந்து நின்று, என் கண்ணுக்கு நேரே கையை ஆட்டி, “ஹலோ, கேன் யூ ஹியர் அஸ்?” என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கல்யாணமாகி ஆறு வருடம், ஒரு கோபத்தையும் என்னால் முழுசாகக் கோபித்து முடிக்க முடிந்ததில்லை.