காலுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

முழங்கால் போனவனுக்கு ஊரே வைத்தியர். பயம் வந்தவனுக்கு மட்டும் ஒருத்தரும் மருந்து சொல்லமாட்டார்கள். ஏனென்றால் அவன் வெளியே சொல்லமாட்டான்.

லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கரப்பந்து டீமில், வலைக்கு மேலே எகிறி அடிக்கிற ஆள் நான்தான். (வாயாலும் நன்றாக அடிப்பார் என்பாள் என் மனைவி செல்வி.) ஒருநாள் அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது வலது முழங்காலுக்குள் ‘டொப்’ என்று சத்தம். ஜவ்வு அறுந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன், அப்புறம் அங்கேயே மாதக்கணக்கில் காலுக்குப் பயிற்சி. கடைசியில் பயிற்சி கொடுத்த மிஸ் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“காலு நல்லாயிருச்சு. குதிச்சு எறங்க பயமா இருக்கா?”

“பயமா? எனக்கா மிஸ்?” என்றேன். கூட வந்திருந்த கேப்டன் சிவா விசிலடித்தான். அவன் முன்னால் வேறென்ன சொல்வது? உண்மையில் அந்த ‘டொப்’ எனக்குத் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தது.

கோயில் திருவிழாப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நான் இறங்குகிறேன் என்று தோட்டமே திரண்டுவிட்டது. மறுபடி ஆட வேண்டும், அதைத் தவிர அந்த வருஷம் நான் சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை. சிவாவுக்கு ஒரு யோசனை வந்தது. கராஜிலிருந்து வந்த வாகனத்தைப் பூசை போடாமல் ரோட்டில் இறக்கலாமா? சூடம் கொளுத்தி என் முழங்காலைச் சுற்றினான், தேங்காய் உடைத்தான், வலது காலுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தான்.

“நசுக்கு மச்சான்! திருஷ்டி கழியட்டும்!”

காலைத் தூக்கினேன். இறக்க முடியவில்லை. ஐயோ, ஒரு எலுமிச்சம்பழம்! அதன் மேல் பாரத்தைப் போட்டால் கால் திரும்பவும் போய்விடும் என்று உடம்பு அடம்பிடித்தது. கொக்கு மாதிரி நின்றேன், வேர்த்துக் கொட்டியது.

மைக் பிடித்த மாமா சும்மா இருப்பாரா? “இந்தா நசுக்கப் போறாரு... நசுக்கப் போறாரு... இன்னும் நசுக்கல...”

சனம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் நின்றுபோனது. அதுதான் கொடுமை.

செல்வி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செருப்புக் காலால் ஒரே மிதி. “பூசை முடிஞ்சிருச்சு, ஆடுங்க” என்று சத்தமாகச் சொன்னாள். என்னிடம் மட்டும் மெதுவாக, “வேணாங்க, வந்துருங்க” என்றாள். போயிருக்கலாம். ரோசம் விடவில்லை.

வலைக்கு மேலே சிவா பந்தைத் தூக்கிக் கொடுத்தான், சோறு பிசைந்து ஊட்டிவிடுகிற மாதிரி. நான் குதிக்கவில்லை. பந்து என் தலையில் விழுந்து உருண்டது. அடுத்ததும் அப்படியே. சிவா தோளில் கை போட்டு, “போய் உக்காரு மச்சான்” என்றான். திட்டியிருந்தால் தேவலை. தோற்றோம். காலிலிருந்து கழற்றிய சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் அழுதேன்.

அடுத்த வாரம் பதுளைக்குப் போய், “பயமா இருக்கு மிஸ்” என்றேன். “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். மறுபடி ஆரம்பித்தோம். பாதியில் நான் போவதை நிறுத்திவிட்டேன். இன்றுவரை ஆடவில்லை.

வீட்டில் அது தீராத நக்கலாகிவிட்டது. போன மாதம் பக்கத்து வீட்டில் புது ஆட்டோ வாங்கி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் எட்டிப் பார்க்கப் போனதும் என் மகள் கத்தினாள்.

“அப்பா, தள்ளி நில்லுங்க! ஆட்டோவும் பயந்துக்கும்!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆட்டோ பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.