அட்மின் மட்டும் எழுதலாம்

பாக் வர்சிதோ அந்த வருஷம் இரண்டே இரண்டு தீர்மானங்கள்தான் எடுத்தார். முதலில் தெருவை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. பிறகு அந்தத் தெருவுக்குத் தலைவராவது.

மலாங் நகரத்தில் முப்பத்தெட்டு வீடுகள் கொண்ட சந்து அது. இத்தனை வீடு சேர்ந்தால் ஒரு 'எர்தே'. அங்கே ஆண்களை மரியாதையாக 'பாக்' என்றும் பெண்களை 'பூ' என்றும் அழைப்பது வழக்கம்; அதன் தலைவரை எல்லோரும் பாக் எர்தே என்று கூப்பிடுவார்கள். அவர் மனைவி தனியாக எதுவும் செய்ய வேண்டாம். மறுநாள் காலையிலேயே பூ எர்தே ஆகிவிடுவார். பதினாறு வருஷம் பாக் எர்தேவாக இருந்த பெரியவர் சுகிமான், முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று விலகிக்கொள்ளப் போகிறார். வர்சிதோவுக்கு வாகனப் பதிவு அலுவலகத்தில் வரிசை எண் சீட்டு கொடுக்கிற வேலை. இருபது வருஷமாக மற்றவர்களை உட்கார வைத்தவருக்கு, தன்னைப் பார்த்து நாலு பேர் எழுந்து நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசையில் தப்பில்லை.

ஆகவே தெருவுக்கென்று கைபேசியில் ஒரு குரூப் தொடங்கினார். அறுபது பேர் சேர்ந்தார்கள். வரவேற்புரை எழுதினார். விதிகள் எழுதினார், இருபத்து மூன்று. நாலாவது நாள் பார்த்தால், பக்கத்து வீட்டு பூ துமினி கேஸ் தீர்ந்துவிட்டது, யாரிடமாவது சிலிண்டர் இருக்குமா என்று கேட்டிருந்தார். ஒருவர் தன் சேவலைக் காணோம் என்றார். இன்னொருவர் சேவல் கிடைத்துவிட்டது என்றார். மூன்றாமவர் அது சேவலே இல்லை, கோழி என்றார்.

"இது குரூப்பா, சந்தையா?" என்றார் வர்சிதோ, சோற்றுத் தட்டின் முன்னால்.

அவர் மனைவி குஸ்மியாத்தி சோயாக் கட்டியான தெம்பே பொரித்துக்கொண்டிருந்தாள். "சேவல் கிடைச்சுதா இல்லையா?"

"அதுவா முக்கியம், பூ? ஏழாவது விதி. தலைப்புக்கு வெளிய பேசக் கூடாது."

"தலைப்பு என்ன?"

"தெரு."

"சேவல் தெருவுலதானே காணாமப் போச்சு, பாக்?"

வர்சிதோ மிளகாய்ச் சம்பலைத் தொட்டுக்கொண்டார். குரூப்பில் எச்சரிக்கை விடுத்தார். எச்சரிக்கைக்குப் பன்னிரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அது பதினோராவது விதியை மீறியது. மாதம் முடிவதற்குள் அவர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டார்: அட்மின் மட்டும் எழுதலாம்.

அன்றிலிருந்து நிசப்தம். தினமும் காலை ஏழு மணிக்கு ஓர் அறிவுரை எழுதுவார். அறுபது பேரும் படித்ததாக நீல அடையாளம் விழும். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

"பாத்தியா பூ, கட்டுப்பாட்டை. ஒரு ஆள் வாயத் தொறக்கல."

"தொறந்தா மட்டும் எங்க போய்ப் பேசறது? பாக், நான் தனியா ஒரு சின்ன குரூப் ஆரம்பிச்சுக்கட்டுமா?"

"சமையல் குறிப்புக்கா?"

"அதுவும் வரும்."

"தாராளமா. விதி வேணும்னா என்கிட்ட கேளு, தரேன்."

"கேக்கறேன்," என்றாள். கேட்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுகிமான் வீட்டு முற்றத்தில் ஓட்டு. வேட்பாளர் பட்டியல் எல்லாம் கிடையாது. வீட்டுக்கு ஒரு வெற்றுச் சீட்டு; பிடித்தவர் பெயரை எழுதிப் போடலாம். தன் பெயரை எண்ணுகிற இடத்தில் தானே போய் நிற்பது பண்பாகாது என்று வர்சிதோ வீட்டிலேயே இருந்துவிட்டார். சீட்டில் தன் பெயரைத் தெளிவாக எழுதி, நாலாக மடித்து, மனைவியிடம் கொடுத்தனுப்பினார். விசேஷத்துக்குப் போடும் பத்திக் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார்.

நாலரை மணிக்கு வாசலில் பூ துமினி. கையில் வேர்க்கடலை வடகத் தட்டு.

"பூ எர்தே இருக்காங்களா?"

வர்சிதோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குஸ்மியாத்தி பூ எர்தே என்றால், பாக் எர்தே யார்?

"இன்னும் வரலை. என்கிட்டயே சொல்லலாம்."

"வாழ்த்துச் சொல்ல வந்தேன். தெருவே சந்தோஷமா இருக்கு."

"நாங்களா கேட்டு வாங்கல, பூ. ஜனங்களாப் பாத்துக் குடுத்தது."

பூ துமினி கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கும் பெருமைதானே, பாக்?"

"பெருமையை விடப் பொறுப்பு. அன்னைக்கு உங்க கேஸ் விஷயத்துல கொஞ்சம் கறாரா இருந்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"அதான் அன்னைக்கே பூ எர்தே உங்க வீட்டு சிலிண்டரைத் தூக்கிக் குடுத்துட்டாங்களே."

அந்த வாரம் மூன்று நாள் ஆறிப்போன கடைச் சோறு சாப்பிட்டதன் காரணம் வர்சிதோவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு தலைவருக்குரிய பெருந்தன்மையுடன் மனைவியை மன்னித்தார்.

பூ துமினி போனதும் குரூப்பைத் திறந்து எழுதினார்: 'அன்புள்ள தெருவாசிகளே, என்னை நம்பித் தலைமையை ஒப்படைத்த உங்களுக்கு நன்றி. என் மனைவியும் பூ எர்தே என்ற முறையில் எனக்குப் பின்னால் நின்று உதவுவார். இப்படிக்கு, பாக் எர்தே வர்சிதோ.'

நீல அடையாளங்கள் மளமளவென்று விழுந்தன. அறுபது. ஒரு பதில் இல்லை. என்ன மரியாதை என்று அவருக்குக் கண் கலங்கியது.

குஸ்மியாத்தி உள்ளே வந்தாள். கையில் எர்தேவின் ரப்பர் முத்திரை.

"அதை இப்படிக் குடு, பாக்கலாம்."

"இருங்க. இஸ்திரி போட்ட சட்டை, மை ஒட்டிக்கும்."

"எத்தன ஓட்டு?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஒண்ணு."

"முப்பத்தெட்டுலயா?"

"நீங்க மடிச்சுக் குடுத்தது. பிரிச்சுக்கூடப் பாக்காம அப்படியே போட்டேன், சத்தியமா. பாக் சுகிமானுக்கு நாலு, அது பழக்கதோஷம். மிச்சம் முப்பத்து மூணு எனக்கு."

நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தலை விழும் என்று காத்திருந்தார் வர்சிதோ. விழுந்தது பூ.

"நீ யார்கிட்டயும் ஓட்டுக் கேக்கலையே."

"கேக்கல. அவங்கதான் கேட்டாங்க. சிலிண்டர் கேட்டாங்க, தண்ணி எப்ப வரும்னு கேட்டாங்க. அந்தச் சின்ன குரூப்புல பதில் சொன்னேன். அவ்வளவுதான்."

"நான் இப்ப எழுதினதைப் படிச்சியா?"

"வர்ற வழியிலயே மூணு பேர் காட்டினாங்க."

"அது தப்புன்னு ஒருத்தராவது ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?"

"எப்படி எழுதுவாங்க, பாக்? நீங்கதான் பூட்டி வெச்சிருக்கீங்களே."

வர்சிதோவின் காது மடல் கொதித்தது. எழுதியதை அழித்தார். அவசரத்தில் 'எனக்கு மட்டும்' என்ற பொத்தானை அழுத்திவிட்டார். செய்தி அவர் கைபேசியிலிருந்து மறைந்தது. மற்ற அறுபதிலும் பத்திரமாக இருந்தது.

வேறு வழியில்லை. பூட்டைத் திறந்தார். எல்லோரும் எழுதலாம் என்று ஆக்கினார். பிறகு வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினார்: 'தலைவர் குஸ்மியாத்தி. நான் எழுதியது தவறு, மன்னிக்கவும்.' இந்த முறை பதில்கள் வந்தன. பரவாயில்லை பாக், பரவாயில்லை பாக் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். இப்போது கூசிப்போய் உட்காருவதைத் தவிர வேறு வேலை இல்லை.

"நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய போவேன், பூ?"

"போய்த்தான் ஆகணும். உங்களுக்கும் பதவி இருக்கு."

அவர் நிமிர்ந்தார். "என்ன பதவி?"

"தலைவரைக் கட்டிக்கிட்டவங்கதானே இங்க மகளிர் குழுவுக்குத் தலைமை? சுகிமான் வீட்டம்மா நோட்டுப் புத்தகத்தை உங்க பேருக்கு மாத்திக் குடுத்துட்டாங்க. செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குக் குழந்தைங்களுக்கு எடை பாக்கணும்."

"நானா? அந்தப் பொம்பளைங்க நடுவுலயா?"

"பயப்படாதீங்க, பாக். சீருடையில உங்களுக்குப் பாவாடை வேண்டாம்னு குரூப்புல ஏகமனதா முடிவு பண்ணிட்டோம்."